சுண்ணாம்பில் வரைந்த விமான நிலையம்

சென்ற வாரம் உங்கள் விமான நிலையப் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தீர்கள். பேசி முடித்ததும் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், முதல் ஜம்போ விமானம் வர்றதுக்கு முன்னாடி நீங்க எல்லாம் எப்படித் தயாரானீங்க?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லித் தப்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கும் உங்களுக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். எப்படித் தயாராவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் சுருக்கமான பதில். நீண்ட பதில் செஞ்சியில் நடந்தது.

அறுபதுகளின் கடைசி. அந்த விமானம் அப்போது பறக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. கடல் கடந்து எங்கோ ஒரு கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசைக்கு வந்ததெல்லாம் கடிதங்கள்தான். ஒரு கடிதம் பயணிகள் முந்நூற்று ஐம்பது பேர் என்றது. அடுத்த கடிதம் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு என்றது. ஓடுபாதைப் பொறியாளர்கள் அதன் எடையைப் பற்றித் தினமும் சண்டை போட்டார்கள். பாதிப் பேர் பவுண்டில் கணக்குப் போட, பாதிப் பேர் கிலோவில் போட்டார்கள். தீயணைப்புப் பிரிவினருக்கு ஏணி கதவை எட்டுமா என்ற கவலை. எனக்கு விழுந்தது மனிதர்களைப் பற்றிய குழப்பம்.

நான் விமான நிலையத்தின் பயணிகள் பிரிவில் இளநிலை உதவியாளன். அன்றைய பெரிய விமானம் ஒன்று வந்தாலே நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் இறங்குவார்கள். அதற்கே எங்கள் கூடம் திணறும். அம்மை ஊசிச் சான்றிதழ் பார்க்கும் சுகாதார மேசை, பாஸ்போர்ட் மேசை, பெட்டி எடுக்கும் இடம், சுங்க மேசை. இந்த நான்கையும் கடப்பதற்குள் குழந்தைகள் அழும், பெரியவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். அப்படிப்பட்ட கூடத்தில் மூன்று மடங்கு ஜனம் வந்து இறங்கினால் என்ன ஆகும்? புதிய கூடத்துக்குத் திட்டம் போடும் முன் இதற்கு விடை வேண்டும் என்றார் எங்கள் மேலதிகாரி.

அவர் அதிகம் பேசாதவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அந்தப் பதவியில் அது அபூர்வம். "கூடத்தை மூட முடியாது. எங்கயாவது ஒரு பொட்டல்ல சுண்ணாம்புக் கோடு போட்டு, அதே அளவுல கூடத்தை வரைஞ்சிடு. முந்நூத்தி ஐம்பது பேரை உள்ள விட்டு வெளிய எடு. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துடலாம்" என்றார்.

முதலில் ஒரு கல்லூரி மைதானத்தில் மாணவர்களை வைத்துச் செய்தோம். சிரித்துப் பேசிக்கொண்டு சரசரவென்று கடந்துவிட்டார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு பெருமையோடு அவரிடம் போனேன். தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல இடுப்புல கொழந்தையோட யாரு வந்தா? காது கேக்காதவங்க யாரு வந்தா? கடல் கடந்து பதினெட்டு மணி நேரம் உக்காந்து வர்ற ஜனம் இப்படித் துள்ளிக்கிட்டா வரும்?"

அப்போதுதான் என் ஊர் ஞாபகம் வந்தது. செஞ்சி பஜாரில் எங்கள் குடும்பத்துக்குக் கடலை மண்டி இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பார்த்துக்கொண்டார். பொங்கல் கழிந்த சமயம். அறுப்பு முடிந்து கூலிக்காரர்கள் வேலை இல்லாமல் இருப்பார்கள். ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். மேலதிகாரியும் சம்மதித்தார்.

கோட்டைக்குக் கீழே, திருவண்ணாமலை சாலையோரத்தில் ஒரு பொட்டல். இரண்டு நாள் கயிறு பிடித்து, சுண்ணாம்பு தூவி, கூடத்தை வரைந்தேன். இது சுவர், இது கதவு, இது தூண். பெட்டிகளுக்குப் பதிலாக மண்டிச் சாக்குகளில் கடலைத் தோலை அடைத்து ஒரு மூலையில் குவித்தேன். செஞ்சி, சிங்கவரம், தொண்டூர் மூன்று இடத்திலும் தண்டோரா போடச் சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன்: ஏர்போர்ட்டிலிருந்து சர்க்கார் ஆட்கள் வருகிறார்கள், பெயர் எழுதிக்கொள்வார்கள், குடும்பத்தோடு வரவேண்டும், சாப்பாடு உண்டு.

அந்த வாசகத்தை இன்று படித்தால் தப்பு எங்கே என்று எனக்கே தெரிகிறது. அன்று தெரியவில்லை.

ஒத்திகை நாள் காலையில் ஜனம் வந்தபடியே இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"டேய், விசயம் தெரியுமா? தொண்டூர் ஜனங்க இருட்டோட கெளம்பி நடந்தே வந்துருக்குதுங்க. மனை குடுக்கறதுக்குப் பேரு எழுதறாங்கன்னு பேசிக்கினு இருக்குதுங்க."

"யார் அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? சர்க்கார் பேரு எழுதுதுன்னு நீதான தண்டோரா போட்ட. குடும்பத்தோட வரணும்னும் சொல்லிட்ட. பின்ன இன்னான்னு நெனைப்பாங்க?"

"ஏர்போர்ட்டுன்னு சொல்லியிருக்கேனே."

"ஏர்போர்ட்டுக்கு இன்னாத்துக்குடா அவங்க பேரு?"

அந்த ஜனத்தில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. குடிசை இருந்த இடமும் அடுத்தவருடையது. வீட்டுமனை என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழும் என்பது அதே ஊரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எடுத்துச் சொல்லிடுடா. பாவம்டா" என்றார் அண்ணன்.

"சொல்றேன்" என்றேன்.

சாலையில் மேலதிகாரியின் ஜீப் வந்துகொண்டிருந்தது. இப்போது எழுந்து உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டு நாள் வேலை வீண். சாப்பாடு போட்டபின் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல நினைத்தேன். தெரியாமல் செய்த பிழை தண்டோரா. தெரிந்தே செய்தது இது.

வேடிக்கை என்னவென்றால், அதே காலையில் நான் இன்னொரு விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டேன். வேடிக்கை பார்க்க வந்த பஜார் குடும்பங்களில் இரண்டு, காலனி ஜனத்தோடு ஒரே வரிசையில் நிற்க முடியாது, தனி வரிசை வேண்டும் என்றன. விமானத்தில் தனி வரிசை கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெருமிதத்தோடுதான் பெயர் எழுத உட்கார்ந்தேன்.

இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பின்னால் கோல் ஊன்றி ஒரு முதியவர்.

"பேரு?"

"அஞ்சலை. இது எங்க நைனா. இது எம் பொண்ணு. எங்கூட்டுக்காரரு மண்ணு வேலைக்கு மெட்ராசு போயிருக்குறாரு. அவரு பேரையும் எழுதிக்கறீங்களா சார்?"

"வந்தவங்க பேர் மட்டும்தான்."

"அப்பறம் பேரு வுட்டுப்போச்சுன்னு சொல்லிடப்போறீங்க சார்."

அவள் கணவனின் பெயரையும் எழுதினேன். அவள் தன் தகப்பனாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஒத்திகை தொடங்கியது. முதல் ஐம்பது பேர் ஒழுங்காகப் போனார்கள். மேலதிகாரி ஜீப்பின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுகாதார மேசையில், சான்றிதழுக்குப் பதிலாக ஒரு சீட்டைப் பார்த்து அனுப்ப, மண்டிக் கணக்கரை உட்கார வைத்திருந்தேன். பாவம், விசேஷ நாள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேசை, வெள்ளைச் சட்டை, சீட்டு மூன்றையும் பார்த்ததும் வரிசையில் யாரோ, "ஆப்ரேசன் பண்றாங்கடா" என்று சொல்லிவிட்டார். அது குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் ஊர் ஊராக நடந்த காலம். முன்னால் நின்ற ஆண்கள் திரும்பிப் பின்னால் தள்ளினார்கள். மனை என்ற நினைப்பில் இருந்த பின்வரிசை முன்னால் தள்ளியது. ரேஷன் கடையில் பார்த்த பழக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை போட்டிருந்தேன். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தை யாரிடம் என்று தெரியாமல் ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாக்குக் குவியலில் எல்லாச் சாக்கும் ஒன்று போலவே இருந்ததால் இரண்டு பேர் ஒரே சாக்கை இழுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். குழப்பத்தில் கை தனக்குப் பழகியதைத்தான் செய்யும். எத்தனை மணிக்கு நெரிசல் தொடங்கியது என்று அந்தத் தாளில் துல்லியமாக எழுதியிருக்கிறேன்.

ஆச்சரியமானது ஒன்று நடந்தது. அத்தனை நெரிசலிலும் ஒருவர்கூடச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டவில்லை. சர்க்கார் போட்ட கோடு. அரையடி தள்ளி வெட்டவெளி இருக்க, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு கோட்டுக்குள்ளேயே நின்றார்கள். அஞ்சலையின் தகப்பனார் ஆண்கள் வரிசையில் தடுமாறிக் கீழே விழுந்தார். வரிசை பிரித்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன குழந்தை, கால்களுக்கு நடுவே நின்று வீறிட்டது.

அஞ்சலை பெண்கள் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு கோட்டை மிதித்துக்கொண்டு குறுக்கே நடந்தாள்.

"ஏம்மா, அங்க செவுரு இருக்குது" என்று நான் கத்தினேன். உண்மையாகவே அப்படித்தான் கத்தினேன்.

அவள் நிற்கவில்லை. "சுண்ணாம்புதான சார். புள்ள அளுவுது" என்று சொல்லிக்கொண்டே போய்க் குழந்தையைத் தூக்கினாள். ஒரு கையால் தகப்பனாரை எழுப்பினாள். அதைப் பார்த்ததும் எல்லோரும் எல்லாக் கோட்டையும் தாண்டி நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெரிசல் கரைந்தது. என் விமான நிலையமும் காலடியில் கரைந்தது.

பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். மேலதிகாரி வந்து அவரைக் கல்லில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "முதல்ல எல்லாருக்கும் சாப்பாடு போடு" என்றார்.

பூசணிக்காய்ச் சாம்பாரும் சோறும். சாப்பிட்டு முடித்த பெரியவர் நேராக மேலதிகாரியிடம் போய்க் கும்பிட்டார்.

"சாமி, பேரு எழுதிகினீங்க. எங்கள நடக்கச் சொன்னீங்க, நடந்தோம். மனை எப்ப சாமி அளந்து வுடுவீங்க?"

மேலதிகாரிக்குப் புரியவில்லை. "என்ன மனை?" என்று என்னைப் பார்த்தார். பெரியவரும் என்னைப் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள்.

மேலே எழுதிப் போட்டிருக்கிறோம், சொல்லி அனுப்புகிறோம் என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாரும் கோபப்படமாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம். அந்தக் காத்திருப்பை நினைத்தபோதுதான் பயம் வந்தது.

"மனை கிடையாது" என்றேன். "பெரிய ஏரோப்ளேன் ஒண்ணு வரப்போவுது. அதுல வர்ற ஜனம் எப்படி வெளிய வரும்னு பாக்கறதுக்காக உங்களக் கூப்பிட்டோம். நீங்க மனைன்னு நெனச்சு வந்தது எனக்குக் காலையிலயே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப எம் பேர அடிச்சிடுங்க" என்றார்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. என் மேசைக்கு முன்னால் ஒரு வரிசை உருவானது. கோடு இல்லை, கயிறு இல்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. தங்கள் பெயரை அடிக்கவைப்பதற்காக அவர்களாகவே வந்து நின்றார்கள். குடும்பம் குடும்பமாக நின்றார்கள். வீட்டுக்கு ஒருவர் முன்னால் வந்து அத்தனை பேரின் பெயரையும் சொன்னார்; மற்றவர்கள் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். நடக்க முடியாதவர்களை யாரும் சொல்லாமலே முன்னால் விட்டார்கள். நான் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணை யாரும் பார்க்கவில்லை. அஞ்சலை தன் முறை வந்தபோது நான்கு பெயரைச் சொன்னாள். மெட்ராசுக்குப் போன கணவன் பெயரை முதலில் சொன்னாள்.

நிமிர்ந்து பார்த்தால் மேலதிகாரி என் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்பப் போய் டைம் பாக்கறீங்களே" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ பண்ணினதுக்கு நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார் அவர். "இவங்க நடந்து வந்ததுக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும். நீ அடி."

அவர் செய்தது சரியா என்று இத்தனை ஆண்டுகள் யோசித்தும் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. ஆனால் அந்த வரிசை என் கோட்டு வரிசையைவிட வேகமாக நகர்ந்தது. புதிய கூடத்துக்கான குறிப்பில் அவர் எழுதிய முக்கியமான வரிகள் அதிலிருந்து வந்தவைதான்: குடும்பத்தை ஒருபோதும் பிரிக்காதே, குடும்பத்துக்கு ஒரு மேசை, ஒருவர் பேசினால் போதும், முடியாதவர்களுக்கு முன்னால் வழி. இன்று உங்களுக்கு இதெல்லாம் பாடப் புத்தகம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் வெள்ளைச் சட்டை போடக்கூடாது என்றும் எழுதினார். அதை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

அறிக்கையில், ஒத்திகைக்கு ஆட்கள் எப்படித் திரட்டப்பட்டார்கள் என்ற இடத்தைக் காலியாக விட்டு என்னிடம் நீட்டினார். "இதை நீ எழுது." எழுதினேன். தவறான நம்பிக்கையில் வந்தார்கள், அறிந்தும் நான் திருத்தவில்லை என்று. என் பதவி உயர்வு தள்ளிப்போனது. அவரைப் பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய விமானத்தின் கூட்டம் பின்னொரு நாள் எங்கள் புதிய கூடத்துக்குள் வந்தபோது, நாங்கள் யோசிக்காத இடத்திலெல்லாம் சிக்கியது. பெட்டிகள் தாமதமாயின, மின்விசிறிகள் நின்றன. ஆனால் யாரும் யாரையும் தேடிக் கத்தவில்லை. அன்று அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

ஒத்திகை முடிந்த பத்தாம் நாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். வீட்டுமனைக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதத் தாளும், கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு தொண்டூர் போனேன். மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்குக் கூடவே போவது என்பதைத் தவிர என் கையில் வேறு ஒன்றும் இல்லை.

பெரியவர் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் சிலர் கூடினார்கள்.

"இதுலயும் பேரு எழுதுவீங்களா?" என்றார் பெரியவர்.

"எழுதணும்."

"எழுதனா மனை கெடைக்குமா?"

"தெரியாது. கெடைக்கலாம், கெடைக்காமலும் போகலாம். எத்தனை நாள் ஆகும்னும் எனக்குத் தெரியாது. கொண்டுபோய்க் குடுக்கும்போது நான் கூட வரேன். அதுக்கு மேல என்னால ஆவறது ஒண்ணும் இல்ல."

பெரியவர் யோசித்தார். மனுவைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை, மெதுவாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். அதன் பிறகுதான் கட்டை விரலை நீட்டினார்.

அந்த மனுக்களில் சிலவற்றுக்கு மனை கிடைத்தது, பல வருஷம் கழித்து. சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அஞ்சலைக்குக் கிடைத்தது என்று அண்ணன் எழுதியிருந்தார். பெரியவர் அப்போது இல்லை.

அன்று கிளம்பும்போது அஞ்சலை ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"ஏன் சார், இன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல" என்றாள், கோபமே இல்லாமல். "அன்னைக்கும் இதே மாதிரி உள்ளத சொல்லிக் கூப்ட்டிருந்தா வந்துதான சார் இருப்போம். அறுப்பு முடிஞ்சு சும்மாதான இருந்தோம். சோறு வேற போட்டீங்க."